நான் பாத்தவரைக்கும்

எனக்கு அந்த அக்காவைக் கண்டால் பயம்.

எட்டு வருஷம் சிவகாசியில் ஒரே அச்சகத்தில், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வேலை பார்த்தோம். நான் அச்சுக்குப் பிளேட் எடுக்கும் மிஷினில். அவர் புரூஃப் மேசையில். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒருத்தரைப் பற்றியும் கோள் சொல்ல மாட்டார். பண்டிகைக்கு ஏதாவது செய்தால் எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். இருந்தாலும் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் நான் இரண்டு தரம் யோசிப்பேன். ஏனென்றால் அவர் வாயில் ‘இருக்கும்’, ‘ஆயிருக்காது’, ‘வந்துருவாக’ என்ற பேச்சே வராது. தெரிந்தால் தெரியும் என்பார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். நடுவில் ஒன்றும் கிடையாது.

நானோ அந்த நடுவில் குடியிருக்கிறவன். என் மனைவிக்குச் சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை. பயராபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். காலை ஏழு மணிக்கு வேன் வரும். ஏறிப் போவாள். சாயங்காலம் அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பேச முடியாது. செல்போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகல் பூராவும் ‘நல்லாத்தான் இருப்பா’ என்ற ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் பிளேட் போட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சை யாராவது பிடுங்கிவிட்டால் என்னால் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விஸ்வநத்தத்தில் தனி வீடு. எங்கள் அச்சகத்தில் தினசரி காலண்டர்தான் முக்கிய வேலை. நாளுக்கு ஒரு தாள், அதில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் என்று பொடிப் பொடியாக எண்கள். பஞ்சாங்கக்காரர் கொடுத்த மூலப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனையையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பது அவர் வேலை.

ஒரு வருஷம் சீசன் நேரம். மேனேஜர் வந்து நின்றார்.

“எல்லாம் சரியா இருக்குல்லம்மா? மிஷின்ல ஏத்திரலாம்ல?”

“நான் பாத்தவரைக்கும் சரி. ஆவணி மாசம் இன்னும் பாக்கல.”

“அம்புட்டையும் டைப் அடிச்சது ஒரே ஆளுதானம்மா? ஆவணியும் சரியாத்தான் இருக்கும்.”

“நீங்க பாத்தீகளா?”

ஆவணியில் தப்பு இருந்ததா இல்லையா என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. அக்கா பார்த்து முடிக்கிறவரை மேனேஜர் வாசலில் நின்ற லாரியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்ததுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

‘நீங்க பாத்தீகளா?’ என்பதை அவர் எல்லோரிடமும் கேட்பார். பஸ் கட்டணம் கூடிவிட்டது என்று ஒருத்தர் வந்து சொன்னால் கேட்பார். பைண்டிங் செக்‌ஷனில் இரண்டு பேருக்குச் சண்டை என்றால் கேட்பார். சொன்னவர் முகம் சுருங்கிப்போகும். அதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்களெல்லாம் பேப்பரை விரித்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்போம். அவர் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு என் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். திரையில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கோடுகள்.

“ஷேர் மார்க்கெட்டாக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நட்சத்திரம், தம்பி. செயற்கைக்கோள் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க வெளிச்சத்தை அளந்து வச்சிருக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம்.”

அது ஒரு நட்சத்திரம் இல்லை, இரண்டு என்றார். ஒன்று எரிந்து முடிந்துபோனது. வெள்ளைக் குள்ளன் என்று பெயர். உருவம் பூமியளவு, எடை ஏறக்குறைய சூரியனளவு. அது பெரிய காந்தமும்கூட. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம். அதன் வாயுவைக் குள்ளன் இழுத்து இழுத்துத் தன் காந்த முனைகளில் கொட்டிக்கொள்ளும். கொட்டுகிற இடம் கொதித்து வெளிச்சம் வீசும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர நாலு மணி நேரம் ஆகிறது. அது பிரச்சினையில்லை, கண்டுபிடித்தாகிவிட்டது. குள்ளன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் என்பதுதான் தெரிய வேண்டும்.

“கோட்டுல ரெண்டு கணக்கு வருது. ஒண்ணு பதினாலு நிமிஷம். இன்னொண்ணு பதினஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. எது நெசம்னு தெரியல.”

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு தொந்தரவு உண்டு. ஒரு படத்தை நாலு நிறமாகப் பிரித்துப் புள்ளி புள்ளியாக அச்சடிக்கிறோம். இரண்டு நிறத்தின் புள்ளி வரிசைகள் கோணம் தவறி ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவதாக ஒரு அலை படத்தில் தெரியும். சாமி படத்தில் முகத்துக்குக் குறுக்கே வரி வரியாக ஓடும். அதைச் சொன்னேன்.

அவர் அப்படியே என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“அதேதான் தம்பி! இது குள்ளன்னு வச்சுக்குவோம்” என்று டிபன் பாக்ஸை நடுவில் வைத்து, மூடியை எடுத்து அதைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். “குள்ளன் வீசற வெளிச்சம் ஒரு சுத்துச் சுத்திட்டு வாரதுக்குள்ள பக்கத்துல இருக்கற நட்சத்திரம் கொஞ்சம் தள்ளிப் போயிருது. அதத் தொட இன்னும் கொஞ்ச நேரம் ஆகுது. அதுனால ரெண்டு கணக்கு. ஒண்ணு அதோட சொந்தச் சுத்து. இன்னொண்ணு ரெண்டும் மோதி உண்டாகறது.”

“அப்பப் பதினாலுதான சொந்தச் சுத்து? கம்மியா இருக்கறதுதான?”

“வழக்கமா அப்பிடித்தான். எப்பவும் அப்பிடியான்னா, இல்ல.”

அவரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தவர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர். தமிழ்க்காரர்தான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதுகூட இல்லை. கட்டுரை எழுதி அனுப்புகிற நேரம் வந்தது. பேசுவதைக் குறித்துக்கொள்வதற்காக அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அதனால் எனக்கும் கேட்டது.

“பதினாலுன்னே போட்டுரலாங்க. இந்த மாதிரி ஜோடியில பத்துக்கு ஒம்பது அப்படித்தான் இருக்கு.”

“பத்தாவதா இருந்தா, சார்? எக்ஸ்ரேல பாத்தா காந்த முனையே தெரிஞ்சிரும். அதுவரைக்கும் ரெண்டு கணக்கையும் போட்டு, எதுன்னு தெரியலன்னு எழுதுவோம்.”

“எக்ஸ்ரே தொலைநோக்கியில நமக்கு எப்ப நேரம் கெடைக்கும்? தெரியலன்னு எழுதினா யாரு மதிப்பாங்க?”

“அப்ப எம் பேரை எடுத்துருங்க, சார். நான் பாக்கல.”

பேரை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷத்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதில் போயிருந்தது. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அவர் எழுந்து போய் மார்கழி மாதத்துப் புரூஃபை எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் சொன்னேன். “அந்தக்கா ஒரு மாதிரி. அம்புட்டுப் படிச்சும் பிழைக்கத் தெரியல. எதக் கேட்டாலும் தெரியலன்னு ஒரு பதிலு. பக்கத்துல இருந்தா நமக்கும் கெதக்குங்குது.”

என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அவுகள அப்படிச் சொல்லாதீக” என்றாள். அவளுடைய அம்மாவுக்கும் விஸ்வநத்தம்தான்.

அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். பயராபீஸில் வேலை. ஒரு நாள் அங்கே விபத்து. அக்கா ஓடிப் போயிருக்கிறார். பாதி வழியில் யாரோ நிறுத்தி, உன் தங்கச்சிக்கு ஒண்ணுமில்லை, கையில் மட்டும் தீக்காயம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பேர் சொல்லிச் சொன்னார்களாம். அக்கா அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுகையை நிறுத்தி, முகத்தைக் கழுவி, கஞ்சி வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் பேரில் ஒரு பெண் கிடந்தாள். கையில் கட்டு. ஆனால் வேறு ஊர்ப் பெண்.

“தங்கச்சி வெடிச்ச ரூமை விட்டு வெளியவே வரல” என்றாள் என் மனைவி. “அந்தம்மா சட்டிய எறக்கி வச்சுட்டு, கூடப் போன மூத்த மகளைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாகளாம். ‘நீ பாத்தியா?’ன்னு. அதுக்கு அப்புறம் சாகுறவரைக்கும் இவுக கூட அந்தம்மா பேசல.”

வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த அக்கா மேல் இருந்த பயம் அதற்குப் பின் குறையவில்லை, கூடியது. ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற பயம்.

அந்த நட்சத்திரத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து வேறு யாரோ எக்ஸ்ரே தொலைநோக்கியில் அதைப் பார்த்துவிட்டார்கள். பதினாலு நிமிஷம்தான். பேராசிரியர் எழுதியதுதான் சரி. அக்கா திரையில் படித்துக் காட்டினார்.

“அப்ப உங்க பேரு இருந்திருக்கலாமேக்கா. அவரு சொன்னது சரியாத்தான இருக்கு?”

“சரிதான் தம்பி. ஆனா அன்னைக்கு அவருக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு நோட்டில் ‘14’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நிம்மதிதான் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய வருஷம், ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது.

தீபாவளிக்கு முந்தின சீசன். காலை பதினொன்றரை மணி. முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அப்புறம்தான் சத்தம். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் மாடிக்கு ஓடினோம். ஏறும்போதே இரண்டாவது சத்தம். பிறகு விடாமல் படபடவென்று. சாத்தூர் ரோட்டுப் பக்கம் வெள்ளைப் புகை எழுந்து மேலே போய் விரிந்துகொண்டிருந்தது.

பயராபீஸ் வாட்ச்மேன் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. விரல் நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தியது.

“ஏலே, ஒம் வீட்டம்மா யூனிட்டு இன்னும் தள்ளிலே. இது அச்சங்குளம் பக்கம்” என்றார் பைண்டிங் பெரியவர்.

“அம்புட்டுத் தூரம் இல்லண்ணே, இங்கனதான்” என்றார் இன்னொருத்தர்.

“ஒண்ணும் ஆயிருக்காதுப்பா. டீ நேரம். எல்லாரும் வெளியதான் இருப்பாக.”

எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். எனக்கு அவர்கள் சொல்வது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. அவர் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அது இல்லைதான். அவர் பார்க்காமல் சொல்ல மாட்டார் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது.

“அக்கா, நீங்க சொல்லுங்க. அது எங்க யூனிட்டு இல்லதான?”

“தெரியல தம்பி.”

“ஒங்க வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா? பொய்யாவாச்சும் சொல்லக்கூடாதா?” என்று கத்தினேன்.

“வண்டிச் சாவி வச்சிருக்கீகளா?” என்றார் அவர். “வாங்க. போய்ப் பாப்போம்.”

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி போகப் போக இறுகி, நகம் சட்டையைத் தாண்டித் தோளில் பதிந்தது. அவரும் பயப்படுவார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

பயராபீஸுக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு கூட்டம். வெடித்த யூனிட்டின் பேரைக் கேட்டேன்.

“எல்லா ரூமும் போச்சுப்பா. ஒரு ஆளு தப்பல” என்றார் ஒருத்தர். அவர் சொன்னது என் மனைவி வேலை பார்க்கும் இடத்தின் பேர்.

பின்னால் இருந்து அக்கா கேட்டார். “நீங்க பாத்தீகளா?”

“பாக்கல. சொன்னாக.”

“யாரு சொன்னாக? அவுக பாத்தாகளா?”

அந்த ஆள் கூட்டத்துக்குள் திரும்பி யாரையோ தேடினார்.

“ஓட்டுங்க தம்பி. அவருக்குத் தெரியாது.”

கொஞ்ச தூரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் எதிரே வந்து எங்களைக் கடந்து போனது. நான் பிரேக் பிடித்துவிட்டேன். “பின்னாடியே போவமாக்கா? அதுல இருந்தா?”

“அதுல யாருன்னு தெரியாது. மொதல்ல எடத்தைப் பாப்போம்.”

அந்தத் ‘தெரியாது’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னபடிதான் ஓட்டினேன். சொந்தமாக யோசிக்க எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை.

போலீஸ் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தது. இறங்கி நடந்தோம். வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது. வண்ண வண்ணமாகக் காகிதத் துண்டுகள் மேலே இருந்து இன்னமும் விழுந்துகொண்டிருந்தன. ரோட்டோரம் சீமைக்கருவேல மரங்களுக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் தலையிலும் அலுமினியப் பொடி. எல்லோரும் ஒரே சாம்பல் நிறம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசிவரை போய்விட்டேன். அவள் இல்லை.

“ஏங்க” என்று பின்னால் ஒரு குரல்.

நான் அவளைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போயிருந்தேன். என் பெண்டாட்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலில் செருப்பு இல்லை. வெடித்தது பக்கத்து யூனிட். இவர்களுடைய போர்மேன் முதல் சத்தத்திலேயே எல்லோரையும் வேலி வழியாக விரட்டிவிட்டிருக்கிறார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பெண் ஓடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். படித்தவர் மாதிரி இருந்ததால் யாரோ அதிகாரி என்று நினைத்தாளோ என்னவோ.

“எம் வீட்டுக்காரரு மருந்து ரூம்ல இருந்தாரு. வெளிய வந்துட்டாருன்னு சொல்றாக. நெசந்தானக்கா? வந்துருப்பாருல்ல?”

சுற்றி நின்ற பெண்கள், ஆமா தாயி, வந்துருப்பாரு, அழாத என்றார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்க்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் பாக்கல தாயி” என்றார் அக்கா. “வா, பாப்போம்.”

அந்தப் பெண்ணின் கையை விடாமல் புகை வந்த பக்கம் நடந்து போனார். நான் அதைப் பார்த்தேன். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். ஸ்கூட்டரில் ஏற்றினேன். வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். “யாரோடயோ வந்தீகளே, அவுகளை எங்க எறக்கி விட்டீக?”

அப்போதுதான் எனக்கு அக்கா ஞாபகமே வந்தது. பகல் மூன்று மணி. திரும்பிப் போயிருக்கலாம். வண்டி வாசலில்தான் நின்றது. போகவில்லை. அந்த இடத்துக்கு இன்னொரு தரம் போக எனக்குத் தைரியம் இல்லை. பஸ் பிடித்து வந்திருப்பார் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்திருந்தார். கண் மட்டும் வீங்கியிருந்தது. புரூஃப் கட்டைப் பிரித்துப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். நான் போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“அக்கா, நேத்து உங்களை அங்கனயே விட்டுட்டு...”

“வீட்ல எப்படி இருக்காக?”

“நல்லா இருக்காக்கா. தூங்குறா.”

“பாத்துட்டுத்தான வந்தீக?”

“பாத்துட்டுத்தான் வந்தேன்.”

தலையை ஆட்டினார். நான் நகரவில்லை. கேட்காமல் போக முடியவில்லை.

“அந்தப் பொம்பளையோட வீட்டுக்காரரு... கெடைச்சாராக்கா?”

“கெடைச்சாரு” என்றார். “சாயங்காலம் நாலு மணிக்கு. மூணாவதாப் போன ஆஸ்பத்திரியில.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்து நான் கேட்கப்போகிற கேள்விக்குக் காத்திருந்தார். உயிரோடதானக்கா என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவார். மாற்றிச் சொல்ல மாட்டார், மறைத்துச் சொல்ல மாட்டார். இந்த முறை அவர் பார்த்திருக்கிறார்.

நான் கேட்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து மிஷினைப் போட்டேன். அது ஓடுகிற சத்தத்தில் நின்றுகொண்டு, பிழைத்திருப்பார், பிழைத்திருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.